பாதிப் பலம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் கீழே வந்து திறந்தது. எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். இலக்கியா ஒரு கால் எடுத்து வைத்தாள். ஆறு பேரும் தலையைத் தூக்கி அந்த எழுத்தைப் பார்த்தார்கள். அவள் பின்வாங்கிப் படி வழியே ஏறினாள்.

அது அவளுக்குப் புதிதல்ல. தொண்ணூற்றிரண்டு கிலோ, ஐந்தடி பதினோரு அங்குலம். பள்ளியில் அவளுக்கு லாரி என்று பெயர். பஸ்ஸில் சீட்டின் ஓரத்தில் உட்காரவும், கண்ணாடி டம்ளரை விரல் நுனியால் பிடிக்கவும், அடுத்தவர் குழந்தையைக் கையில் வாங்காமல் தள்ளி நின்றே கொஞ்சவும் சிறுவயதிலேயே பழகிவிட்டாள். கோபப்படுவதில்லை. கோபப்பட்டால் யாருக்காவது அடிபடும் என்ற பயம்.

மூன்றாம் மாடி நடையில் தோழி தன்ஷிகாவின் அம்மா சரோஜினி உட்கார்ந்திருந்தாள். இலக்கியாவைப் பார்த்ததும் எழுந்து அறைக்கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தூங்கறா கண்ணு.”

“நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க ஆண்ட்டி.”

“வேண்டாம். முழிச்சு வந்து பாத்தான்னா உன்னைத்தான் மொதல்ல பாப்பா.”

“கை எப்படிங்க இருக்குது?”

“தோள் எலும்பு கூடிரும்ங்கறாங்க. ரெண்டு விரல்ல தொட்டா தெரியமாட்டேங்குது. நரம்பாமா. காப்பி டம்ளரைக் குடுத்தேன், சூடே தெரியலைங்கறா.” சரோஜினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “எங்க வீட்ல உக்காந்து சாப்ட்ட பொண்ணு நீ. உன்னைத் திட்டவும் வாய் வரலை. ஒண்ணுதான் எனக்கு வெளங்கலை. உன் பலம் உனக்குத் தெரியாதா கண்ணு?”

போன மாதம் கேட்டிருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பாள். இலக்கியா கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை நாற்காலியில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

சமனி உடை வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் அது விளையாட்டுக்காகச் செய்ததல்ல. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகச் செய்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டும் உடை; அதன் இழைகளே தசை போலச் சுருங்கி விரியும். பிறகு யாரோ ஒருவருக்கு, இரண்டு உடைகளை ஒன்றோடொன்று பேசவைத்தால் என்ன என்று தோன்றியது. எதிரெதிரே நிற்கும் இருவரின் பலத்தையும் உடைகள் அளந்துகொள்ளும். பலசாலியின் உடை அவளுக்கு எதிராக இழுக்கும். மெலிந்தவளின் உடை அவளோடு சேர்ந்து தள்ளும். எடையை எந்த உடையாலும் குறைக்க முடியாது. எடையால் வரும் ஆதாயத்தைக் குறைக்கலாம். இனி மிச்சமிருப்பது வித்தை மட்டும்தான் என்றார்கள்.

போலீஸ் தேர்வில் உயரம் அளப்பது நின்றது. ஜூடோவில் எடைப் பிரிவுகள் போயின. பெண்களுக்கு ஏழு பிரிவு இருந்தது ஒன்றானது. மாநில அணிக்கு ஏழு பேர் போன இடத்துக்கு இப்போது ஒருத்தி போனாள். மற்ற ஆறு பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாற்பத்தாறு கிலோப் பெண் தொண்ணூறு கிலோப் பெண்ணை இடுப்பில் ஏற்றிப் போடுவதைப் பார்க்க அரங்கம் நிரம்பி வழிந்தது.

சமனி சின்ன உடம்புக்காரிகளுக்குக் கிடைத்த வரம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது யாருக்கு வரம் என்பது இலக்கியாவுக்குத் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது கலாமணியின் ஜூடோ பயிற்சிக் கூடம். பள்ளி முடித்த வருடத்திலிருந்து இலக்கியாவும் தன்ஷிகாவும் அங்கே ஜோடி. வேறு யாரும் ஒத்துவரவில்லை என்பதுதான் காரணம். ஒருத்தி எல்லோரையும்விடப் பெரியவள், இன்னொருத்தி எல்லோரையும்விடச் சின்னவள். முதல் நாளே கலாமணி ஒரு விதி சொன்னாள். “பெருசு சிறுசோட பழகறப்ப பெருசுக்குப் பாதிப் பலம். சிறுசுக்கு முழுப் பலம். மீறுனா படி எறங்கிப் போயிரலாம்.”

எதில் பாதி என்று அவள் சொல்லவில்லை. முழுசு எவ்வளவு என்றே தெரியாதவள் பாதியை எப்படி அளப்பது? இலக்கியா குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டாள். சில நாள் பாதி, தன்ஷிகாவின் முகம் வாடியிருந்தால் கால். போகப் போக அது கணக்கில்லாமலே நடந்தது, மூச்சு விடுவதுபோல. போட்டியில் தன் எடைக்காரிகளோடு நிற்கும்போதும் அந்தப் பாதி அவளை விடவில்லை. தன்னைவிட வித்தை குறைந்தவர்களிடம் மாவட்டத்திலேயே தோற்றுத் திரும்பினாள். கலாமணி தலையில் அடித்துக்கொள்வாள். “அங்க போயும் தானம் பண்ணிட்டு வர்றயே தாயி.”

சமனி போட்ட முதல் நாள் தன்ஷிகா எதிரே நின்று, “தள்ளுடி,” என்றாள். இலக்கியா தள்ளினாள். உடை தடுத்தது. “இன்னும்,” என்றாள் தன்ஷிகா. இன்னும் தள்ளினாள். தொடையிலிருந்து, இடுப்பிலிருந்து, பிறந்ததிலிருந்து உள்ளே மடித்து வைத்திருந்த ஏதோ ஓர் இடத்திலிருந்து தள்ளினாள். எதிரே இருந்தவள் உடையவில்லை. ஓரடி சறுக்கி, நின்று, சிரித்தாள். “அவ்வளவுதானா லாரி?”

அன்று உடைமாற்றும் அறையில் இலக்கியா சுவரைப் பார்த்து அழுதாள். தன்ஷிகா பின்னால் வந்து, “எங்கடி வலிக்குது?” என்றாள்.

“எங்கயும் வலிக்கலை. அதான்.”

ஆஸ்பத்திரியிலிருந்து இலக்கியா கூடத்துக்குப் போனபோது நந்தகுமார் தன்ஷிகாவின் சமனியை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். கூடத்தின் பத்து உடைகளையும் பராமரிப்பவன் அவன்தான். பக்கத்தில் கலாமணி கைகட்டி நின்றாள்.

“வா. உனக்காகத்தான் நிக்கறேன். இவன் என்னமோ சொல்றான், கேளு.”

“கண்டுபுடிக்க முடியலைங்க்கா,” என்றான் நந்தகுமார். “நடுவுல சோடி அறுந்துருக்குது, அது மட்டுந்தான் தெரியுது. வேர்வை எறங்கியிருக்கலாம், ஒயர் ஆடியிருக்கலாம், இடுப்பு ஸ்விட்ச்சுல கை அமுந்தியிருக்கலாம். மூணும் இதுல ஒரே மாதிரிதான் பதியும்.”

“அவளுது போனா எனக்கு ஏன் போகணும்?” என்றாள் இலக்கியா.

“ஒண்ணு போச்சுன்னா சோடியும் அதே நொடி தளர்ந்துரும்ங்க்கா. மூட்டை தூக்கறவங்களுக்குச் செஞ்சதில்லையா? உடை இறுகி மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிரும். அதனால எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல விட்டுரும். நல்லதுக்குத்தான் வெச்சாங்க.”

இலக்கியாவுக்கு அது புரிந்தது. உடம்பு முன்பே புரிந்துவைத்திருந்தது. இறுகிக் கிடக்கும் கதவை முழு பலத்தோடு தோளால் தள்ளுகிறோம். உள்ளேயிருந்து யாரோ தாழைத் திறந்துவிடுகிறார்கள். அப்படித்தான் இருந்தது. அடிபட்ட அன்றைக்குத் தன்ஷிகா ஒரு கையால்தான் பிடித்தாள். புதிதாக ஏதோ செய்து பார்க்கிறாள் என்று நினைத்து இலக்கியா உள்ளே நுழைந்து, திரும்பி, இழுத்தாள். இழுக்கும்போது தடுப்பு காணாமல் போனது. கையில் இருந்தது ஒரு சட்டையின் எடைதான். அந்தச் சின்ன உடம்பு மேட் என்கிற பயிற்சி மெத்தையைத் தாண்டி மரத்தரையில் விழுந்த சத்தம் அவளுக்கு இன்னும் காதில் இருந்தது.

“வியாழக்கிழமை ஜூடோ சங்கத்துல கூப்புடறாங்க,” என்றாள் கலாமணி. “ஒரே கேள்விதான் கேப்பாங்க. தோளைத் தொட்டியா?”

சமனிக்காரர்களுக்கு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. வணங்குவதற்கு முன்னால் ஒருவர் இடது தோளை ஒருவர் அழுத்திப் பார்ப்பார்கள். உடை வேலை செய்தால் தோள் பலகை மாதிரி விறைத்திருக்கும். இல்லாவிட்டால் துணியாக நெகிழும். பெரியவள் எவளோ அவள்தான் முதலில் தொட வேண்டும். ஆரம்பத்தில் கவனமாகத் தொட்டார்கள். ஆறு மாதத்தில் அது கோயில் வாசலில் போகிறபோக்கில் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது.

“தொட்டேன் மாஸ்டர்.”

“வெறைப்பா இருந்துச்சா?”

இலக்கியா தன் வலது கையைப் பார்த்தாள். அதில் எந்தத் தோளின் நினைவும் இல்லை.

“இருந்துச்சுன்னு சொன்னா உடையில கோளாறுன்னு ஆகும்,” என்றாள் கலாமணி. “கூடத்தை மூடச் சொல்லுவாங்க. இல்லைன்னா உன்னை மேட்டுல ஏறவேண்டாம்பாங்க. எது நெசமோ அதைச் சொல்லு. எனக்காகப் பாக்காதே.”  பிறகு செருப்பைக் கழற்றி மேட்டில் ஏறினாள். “வா. சமனி வேண்டாம். சும்மா ஒரு பிடி பிடி. பழைய கணக்கு, பாதிப் பலம்.”

“வேண்டாம் மாஸ்டர்.”

“பயந்தா அது உள்ளயே ஒக்காந்துரும். வா.”

இலக்கியா அவள் சட்டைக் கழுத்தையும் கையையும் பிடித்தாள். பாதி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முன்பெல்லாம் சொல்லவேண்டியிருக்கவில்லை. லேசாகத் தன்பக்கம் இழுத்தாள்.

கலாமணியின் குதிகால் தரையை விட்டது. தையல் பிரியும் சத்தம் கேட்டது. “விடு, விடு கண்ணு.” தோளில் இரண்டு முறை தட்டினாள். இலக்கியா கையை எடுத்தாள். கலாமணி மேட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“பாதின்னேன்.”

“பாதின்னு நெனச்சுத்தான் மாஸ்டர் இழுத்தேன்.”

நந்தகுமார் பிரித்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தான்.  சமனி போட்டு முழு பலத்தையும் பழகிய மூன்று வருடத்தில் அந்தப் பாதி எங்கேயோ கரைந்து போயிருந்தது. வெளியே வரும்போது இலக்கியா படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள். வீட்டில் அம்மா நீட்டிய காப்பி டம்ளரைக் கையில் வாங்கவில்லை. மேஜைமேல் வைக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை சங்கத்து அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் மரியாதையானவர். நாற்காலியைக் காட்டினார். இலக்கியா நின்றுகொண்டாள்.

“தோளைத் தொட்டீங்களாம்மா?”

“தொட்டனுங்க.”

“வெறைப்பா இருந்துச்சுங்களா?”

வெளியே பெஞ்சில் கலாமணி இருந்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். இலக்கியா மறுபடி மேட்டில் ஏறலாம். ஏறி யாரைப் பிடிப்பது?

“என் கை தொட்டுச்சுங்க. நான் தொட்டனான்னு தெரியலைங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. ஆமாவா, இல்லையா?”

“இல்லைன்னே எழுதிக்குங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “உங்க மாதிரி பெரிய உடம்புக்காரங்க ரெண்டு மடங்கு கவனமா இருக்கோணும் இல்லீங்களா,” என்றார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. சமனி வருவதற்கு முன்னால் எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

இரண்டு வருடத்துக்கு மேட்டில் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று. பழக்கிக் கொடுக்கவும் கூடாது.

சனிக்கிழமை சரோஜினி போன் செய்தாள். “அவ உன்னைக் கேக்கறா. வந்துட்டுப் போ.” குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

தன்ஷிகா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மார்போடு கட்டியிருந்தது. ஏற்கெனவே சின்ன முகம் இன்னும் சின்னதாகியிருந்தது. சரோஜினி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“லாரி வந்துருச்சு. ஸ்டூல் தாங்குமான்னு பாத்து உக்காரு. ஆஸ்பத்திரி சாமான்.”

இலக்கியா ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இல்லைன்னு சொல்லிட்டயாமா? மாஸ்டர் சொன்னாங்க.”

“ம்.”

“ஏன்டி?”

“எனக்கு ஞாபகம் இல்லை. கூடத்தை எதுக்கு இழுத்து விடறது.”

“நீ தொட்ட. எனக்கு ஞாபகம் இருக்குது. நல்லா அமுக்கித்தான் தொட்ட. வெறைப்பாத்தான் இருந்துச்சு.” தன்ஷிகா ஜன்னல் பக்கம் பார்த்தாள். “கும்பிட்டு நிமிந்தப்பறந்தான் நான் ஸ்விட்ச்சை அமுக்குனேன். உடனே அணையலை. உன்னைப் பிடிச்சப்பறமும் இந்தக் கையால அமுக்கிட்டே இருந்தேன்.”

இலக்கியாவுக்கு அந்த ஒற்றைக்கைப் பிடி நினைவுக்கு வந்தது.  கீழே எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

“எதுக்கு?” என்றாள் கடைசியில்.

“மாநிலத்துக்கு என் பேர் வந்துச்சல்ல. எங்க தெருப் பசங்க ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. தொண்ணூத்திரண்டைச் சாய்த்த நாப்பத்தாறுன்னு. உன் பேர்கூடப் போடலை, எடைதான். தண்ணி புடிக்கப் போறப்ப தெனமும் அதைப் பாப்பேன். சாய்ச்சது நானா, துணியா? யாரைக் கேக்கறது? நந்துவைக் கேட்டா ரெண்டும் சேந்துதாங்க்காம்பான்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் கழட்டி வெச்சுட்டு நின்னிருப்பம்.”

“சொன்னா நீ பாதியப் போட்டிருப்ப.”

 ஆமாம், போட்டிருப்பாள். போட முயன்றிருப்பாள்.

“ஒண்ணு நின்னா சோடியும் நின்னுரும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். மெதுவா விடும்னு நெனச்சேன். சும்மா ஒரு நிமிசம். நீ முழுசாத் தள்ளுவ, நான் நான் மட்டுமா நிப்பேன். நிக்கறனா விழறனான்னு பாத்துக்கலாம்னு.” சிரிக்கப் பார்த்தாள். தோள் வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. “பாத்துட்டேன்.”

“பைத்தியக்காரி.”

“ஆமா. திங்கக்கெழமை சங்கத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயி நாஞ்சொல்லிர்றேன்.”

“சொன்னா உன்னை ஒரேயடியா எடுத்துருவாங்க.”

“இந்தக் கையை வெச்சுட்டு நான் எங்கடி போறேன், ஒலிம்பிக்ஸுக்கா? நீ போ. உன்னால முடியும்.”

முடியாது என்பதை, கலாமணியின் சட்டை கிழிந்ததை, காப்பி டம்ளரை இலக்கியா சொல்லவில்லை. சொன்னால் அதுவும் தன்ஷிகாவின் கணக்கில் சேரும்.

கட்டுக்கு வெளியே தெரிந்த சுண்டுவிரலும் மோதிரவிரலும் லேசாக வீங்கியிருந்தன. தன்ஷிகா அவற்றைக் கண்ணால் காட்டினாள். “தொட்டுப் பாரு. வேடிக்கையா இருக்கும். என் கைங்கற நெனப்பே வராது.”

இலக்கியா ஒற்றை விரலால் தொட்டாள்.

“தெரியுதா?”

“இல்லை. கொஞ்சம் அமுக்கு.”

அழுத்தினாள். அழுத்தினேனா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“இன்னும் அமுக்குடி. வலிச்சாத் தேவலை.”

எவ்வளவு என்று தெரியவில்லை. இலக்கியா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன்ஷிகா அந்தக் கையையே பார்த்தாள். பெரிய கை. எட்டு வருடம் அது நீட்டி, விழுந்த அவளைத் தூக்கிவிட்டிருக்கிறது. அவள் நீட்டிய கையைப் பிடித்தும் அது எழுந்திருக்கிறது.

“ஒண்ணு கேக்கறேன். மழுப்பாமச் சொல்லோணும்,” என்றாள் தன்ஷிகா. குரல் இறங்கியிருந்தது. “சமனி வர்றதுக்கு முன்னால. வாரத்துல ரெண்டு மூணு தடவை உன்னைப் போட்டிருக்கேன். நீ எந்திரிச்சு சட்டையை ஒதறிட்டு, நல்லாப் போட்டடீம்ப. ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவு சந்தோசம். வாழ்க்கையில நான் எதாச்சும் ஒண்ணு செஞ்சிருக்கறன்னா அதுதான்னு இருந்தேன்.”

வெளியே சரோஜினி யாரிடமோ பேசிக்கொண்டு திரும்பி வருவது கேட்டது. தன்ஷிகா கதவைப் பார்க்கவில்லை.

“அதுல ஒண்ணாச்சும் நான் போட்டதாடி, இலக்கி?”